மாத்திரைக்கும் வேண்டும் பாஸ்போர்ட்

வெளிநாடு புறப்படும் தமிழ்க் குடும்பத்தின் பெட்டியில் என்னவெல்லாம் இருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. சாம்பார்ப் பொடி, மாவடு, கைமுறுக்கு, விபூதிப் பொட்டலம், பேரனுக்கு அரைஞாண் கயிறு. இவற்றுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் பை நிறைய மாத்திரைகள். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, முழங்கால் வலிக்கு ஒன்று, தூக்கம் வராத இரவுகளுக்கு ஒன்று. கூடவே ஜலதோஷம், பேதி, வாயுத் தொல்லை போன்ற எதிர்பாராத விருந்தாளிகளுக்கான முன்னேற்பாடுகள். அங்கே டாக்டரைப் பார்க்கப் போனால் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

ஊறுகாய் பாட்டில் உடைந்து பட்டுப் புடவையில் கொட்டிவிடுமோ என்று கவலைப்படுகிற அளவுக்கு இந்தப் பையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஊறுகாயால் போவது ஒரு புடவை. மாத்திரையால் வாழ்க்கையில் சில வருடங்களே போய்விடலாம்.

மிகையாகச் சொல்லவில்லை. 2017 அக்டோபரில் பிரிட்டனைச் சேர்ந்த ஒரு பெண், கடை ஊழியர், எகிப்தின் ஹுர்காடா விமான நிலையத்தில் வந்து இறங்கினார். அவருடைய பெட்டியில் சுமார் 290 டிரமடால் மாத்திரைகள் இருந்தன. டிரமடால் கடும் வலிக்குக் கொடுக்கப்படும் மருந்து. பிரிட்டனில் டாக்டர் சீட்டுடன் கிடைக்கும். எகிப்தில் இருந்த தன் துணைவரின் முதுகுவலிக்காகக் கொண்டுவந்ததாகவும், அது அங்கே குற்றம் என்று தெரியாது என்றும் அவர் சொன்னார். அந்த டிசம்பரிலேயே அவருக்கு மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2019 ஜனவரியில்தான் வெளியே வந்தார்.

படிப்பும் பதவியும் இருந்தால் இப்படி நேராது என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு சம்பவம். 2015 ஜூனில் டொயோட்டா நிறுவனத்தின் மிக உயர்ந்த பதவியில் இருந்த ஓர் அமெரிக்கப் பெண் அதிகாரி டோக்கியோவில் கைது செய்யப்பட்டார். ஆக்ஸிகோடோன் என்ற வலிநிவாரணி மாத்திரைகள் 57, அமெரிக்காவிலிருந்து அவருக்குத் தபால் பார்சலில் வந்திருந்தன. முழங்கால் வலிக்காக என்றார். ஏறக்குறைய மூன்று வாரங்கள் காவலில் இருந்துவிட்டு, வழக்குத் தொடரப்படாமல் விடுவிக்கப்பட்டார். ஆனால் அதற்குள் அவர் வேலையை ராஜினாமா செய்திருந்தார்.

இந்த இரண்டு பெண்களுமே மருந்து வியாபாரிகள் அல்ல. அவர்கள் வைத்திருந்ததும் ஏதோ இருட்டறையில் தயாரான வஸ்து அல்ல. புறப்பட்ட ஊரில் அது மருந்து. இறங்கிய ஊரில் போதைப்பொருள். நடுவில் மாத்திரைக்குள் எதுவும் மாறவில்லை. அதன் மேல் பறந்த கொடிதான் மாறியது.

இதற்கு உலக அளவில் ஒரு சட்டமே இல்லையா என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது. போதை மருந்துகள் பற்றிய 1961-ம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தமும், மனநிலையைப் பாதிக்கும் மருந்துகள் பற்றிய 1971-ம் ஆண்டு ஒப்பந்தமும் ஏறத்தாழ எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்டவை. தூக்க மாத்திரைகள், பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரைகள், வலிப்பு நோய்க்கான சில மருந்துகள் ஆகியவை இரண்டாவது ஒப்பந்தத்தின் கீழ் வருகின்றன. பயணிகள் சொந்த உபயோகத்துக்காகச் சிறிய அளவில் அவற்றை எடுத்துச் செல்ல நாடுகள் அனுமதிக்கலாம் என்று அதன் நான்காவது ஷரத்து சொல்கிறது. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்கிறது: அந்த மருந்து சட்டப்படி பெறப்பட்டதுதானா என்று உறுதி செய்துகொள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு.

நம்மவர்கள் இடறி விழுவது இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான். சிறிய அளவு என்பது எத்தனை மாத்திரை, உறுதி செய்துகொள்வது எப்படி என்பதையெல்லாம் ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி தீர்மானிக்கிறது. ஜப்பானில் சாதாரண மருந்துச் சீட்டு மருந்துகளை ஒரு மாத உபயோகத்துக்கு மேல் கொண்டுபோக முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். கவனக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அமெரிக்காவில் தாராளமாக எழுதிக் கொடுக்கப்படும் ஆம்பெட்டமின் மருந்துகளை எந்தச் சீட்டு இருந்தாலும் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. சிங்கப்பூரில் பல தூக்க மாத்திரைகளுக்கும் கடுமையான வலிநிவாரணிகளுக்கும் புறப்படுவதற்கு முன்பே அனுமதி வாங்கியாக வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியல் நீளமானது. டிரமடால், கோடீன், டயஸிபாம், அல்பிரஸோலாம் எல்லாம் அதில் உண்டு. இவற்றைக் கொண்டுபோகிறவர் அந்நாட்டு அரசிடம் இணையம் வழியாக முன்னனுமதி பெற வேண்டும். நாம் குருமாவில் அரைத்துவிடும் கசகசாவே அங்கே தடை செய்யப்பட்ட பொருள் என்கிறபோது மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விவரங்களில் பெரும்பாலானவை 2023 வரை எனக்கும் தொலைதூரச் செய்திகள்தான். அந்த ஆண்டு துபாயில் வேலை பார்க்கும் என் தம்பிக்குக் குழந்தை பிறந்தது. அம்மாவை நான்கு வாரம் அங்கே அழைத்துக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. அம்மாவுக்கு வயது 72. மதுரையில் இருக்கிறார். சில வருடங்களுக்கு முன் லேசான பக்கவாதம் வந்து, அதிலிருந்து மீண்ட பிறகு வலிப்பு வர ஆரம்பித்தது. மருந்தினால் அது கட்டுக்குள் இருக்கிறது. மருந்தினால் மட்டுமே இருக்கிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாக, விடாமல் வலிப்பு வரக்கூடும். ஆகவே, வம்பு வேண்டாம், மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்ற வழி அவருக்கு இல்லை.

அவர் சாப்பிடுவது நான்கு மருந்துகள். வலிப்புக்கு லெவெடிராசெட்டம், குளோபஸாம். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். கால் எரிச்சலுக்கு ப்ரீகாபலின். இவற்றில் இரண்டு சாதுவானவை. குளோபஸாம் 1971-ம் ஆண்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பது. ப்ரீகாபலினை அமீரகம் தன் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அம்மாவிடம் இதை விளக்கினேன். "எனக்கு வந்த வியாதிக்கு நான் மாத்திரை திங்கறேன். இதிலே அந்த ஊர்க்காரனுக்கு என்ன நஷ்டம்?" என்றார். நியாயமான கேள்விதான். சர்வதேச ஒப்பந்தங்களை எழுதியவர்கள் அம்மாவைக் கலந்துகொள்ளவில்லை.

அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டுமானால் டாக்டரின் மருந்துச் சீட்டும், நோயைப் பற்றிய மருத்துவ அறிக்கையும், பாஸ்போர்ட் நகலும் வேண்டும். அம்மாவின் மருந்துச் சீட்டை எடுத்து மேசை மேல் விரித்து வைத்தேன். இருபது வருடங்களாக மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்துகிறவள் நான். தமிழ் எம்.ஏ.வில் பழைய கையெழுத்துப் பிரதிகளோடு கொஞ்சம் பழக்கமும் உண்டு. அந்தச் சீட்டின் முன் இரண்டும் உதவவில்லை. நான்கு வரிகள், நான்கும் நான்கு கோடுகள் போல. மருந்தின் பெயர் என்று ஊகிக்க முடிந்த இடங்களில் இருந்தவை கம்பெனி வைத்த வியாபாரப் பெயர்கள். என்ன நோய் என்ற இடத்தில் இரண்டெழுத்துச் சுருக்கம். நோயாளி பெயருக்கு ஓர் இனிஷியலும், வீட்டில் கூப்பிடும் பெயர் மாதிரி ஒரு துண்டும். பாஸ்போர்ட்டிலோ முழுப்பெயரும், பின்னால் என் தாத்தாவின் பெயரும். ஓர் அயல்நாட்டு அதிகாரியின் கண்ணில் அவை இரண்டு தனித்தனிப் பெண்மணிகள்.

அந்த மருத்துவமனைக்குப் போனேன். தெளிவாக எழுதிக் கேட்டபோது டாக்டர் சிரித்தார். "மெடிக்கல் ஷாப்காரருக்கு நல்லாப் புரியும்மா. கவலைப்படாதீங்க" என்றார். எங்கள் தெரு மருந்துக் கடைக்காரருக்குப் புரியும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவர் எங்களோடு துபாய்க்கு வரப்போவதில்லை.

டாக்டர் நல்லவர். வாசலில் எண்பது பேர் காத்திருக்கும் ஒருவரிடம் நிதானமாக எழுதுங்கள் என்று கேட்பதில் உள்ள அபத்தமும் எனக்குப் புரிந்தது. எனவே நானே ஒரு வரைவு தயாரித்துக்கொண்டு போனேன். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். நோயின் பெயர், எந்த ஆண்டிலிருந்து. ஒவ்வொரு மருந்துக்கும் பொதுப்பெயர், அடைப்புக்குறிக்குள் வியாபாரப் பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, நான்கு வாரத்துக்கு மொத்தம் எத்தனை. கடைசியில், இவற்றை நிறுத்தினால் நோயாளிக்கு ஆபத்து என்று ஒரு வரி. டாக்டர் படித்துப் பார்த்தார். ஓர் அளவை மட்டும் திருத்தினார். மருத்துவமனையின் தாளில் அச்சடிக்கச் சொல்லி, பதிவு எண்ணுடன் கையெழுத்திட்டு முத்திரையும் வைத்துக் கொடுத்தார். எல்லாம் பத்து நிமிடம்.

மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் இந்தப் பெயர் விவகாரம் என்னை மிகவும் ஈர்த்தது. ஒரு மருந்துக்கு உலகம் முழுவதும் ஒரே பெயர் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1950-லேயே தீர்மானம் போட்டது. 1953-ல் முதல் பெயர்ப் பட்டியல் வந்தது. லெவெடிராசெட்டம் என்று மதுரையில் எழுதினாலும் மாட்ரிட்டில் எழுதினாலும் அது ஒன்றையே குறிக்கும். மனிதகுலம் உருவாக்கிய பொதுமொழிகளில் உருப்படியானது இதுதானோ என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் பொதுமொழிக்கும் வட்டார வழக்கு உண்டு. நம் பாரசிட்டமால் அமெரிக்காவில் அசிட்டமினோஃபென். ஆஸ்துமாக்காரர்கள் உறிஞ்சும் சல்பூட்டமால் அங்கே அல்பியூட்டரால். நம் சர்க்கரை நோயாளிகள் பலருக்குப் பழக்கமான கிளிபென்கிளமைடு அங்கே கிளைபுரைடு.

வியாபாரப் பெயர்களை நம்பினாலோ விபரீதம். அமெரிக்காவில் ஃப்ளோமாக்ஸ் என்றால் பிராஸ்டேட் வீக்கத்துக்கான மருந்து. இத்தாலியில் அதே பெயரில் விற்றது வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் வேறு மருந்து. இந்த மாதிரிப் பெயர்க் குழப்பம் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-ல் பயணிகளை எச்சரித்தது. நம் ஊரில் ஒரே மருந்துக்கு டஜன் கணக்கில் வியாபாரப் பெயர்கள். அவற்றில் பல இந்திய எல்லையைத் தாண்டினால் யாருக்கும் எதுவும் சொல்லாத வெறும் சப்தங்கள்.

பெயரை எழுதி வாங்கியாயிற்று. அடுத்தது மாத்திரை. எங்கள் தெருக் கடையில் கத்தரிக்கோல்தான் பிரதானக் கருவி. 28 மாத்திரை என்று கேட்டால் இரண்டு முழு அட்டை, மூன்றாவதிலிருந்து எட்டு. அந்த வெட்டில் மருந்தின் பெயர் ஒரு துண்டோடும், காலாவதித் தேதி இன்னொரு துண்டோடும் போய்விடும். மிஞ்சுவது பளபளக்கும் அநாமதேயத் தகடு. அதோடு அம்மா எல்லா மாத்திரைகளையும் பிரித்து, காலை, மதியம், இரவு என்று எழுதிய மூன்று டப்பாக்களில் போட்டு வைப்பவர். வீட்டில் அது அருமையான ஏற்பாடு. சுங்க அதிகாரியின் மேசையில் அது பெயர் தெரியாத மூன்று டப்பா வெள்ளை மாத்திரைகள். இந்த முறை முழு அட்டைகளாக, பில்லோடு வாங்கினேன். பில்லில் அம்மாவின் பெயர், டாக்டர் பெயர், மருந்தின் தொகுப்பு எண் எல்லாம் இருக்கும்படி கேட்டேன். கடைக்காரர் என்னை வருமான வரி இலாகாவிலிருந்து வந்தவள் மாதிரி பார்த்தார்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டு அனுமதி வந்தது. துபாய் விமான நிலையத்தில் நானாகவே சிவப்புப் பாதையில் போய்க் கடிதத்தை நீட்டினேன். இளம் அதிகாரி கடிதத்தைப் பார்த்தார். அட்டைகளில் உள்ள பெயரோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். எண்ணினார். அம்மாவிடம் "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். இந்த நான்கு நிமிடத்துக்காக நாங்கள் மூன்று வாரம் அலைந்திருந்தோம்.

ஆனால் அந்தப் பயணத்தில் எனக்கு மறக்காமல் இருப்பது துபாய் அல்ல, திருச்சி. அங்கிருந்துதான் விமானம். நிலையத்துக்கு வெளியே நுழைவு வரிசையில் எங்களுக்கு முன்னால் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர். கட்டட வேலை. விடுமுறை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். அம்மாவின் மருந்துக் கோப்பை நான் சரிபார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தவர், "அக்கா, மாத்திரைக்கெல்லாம் பேப்பர் கேப்பாங்களா?" என்றார். தன் தோள்பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்தார். "ரூம்ல இருக்கிற அண்ணனுக்குக்கா. இடுப்பு வலி. அவங்க வீட்டிலேருந்து கொடுத்து விட்டாங்க."

பிரித்துப் பார்த்தால் ஆறு அட்டைகள். பாரசிட்டமாலும் டிரமடாலும் கலந்த மாத்திரை. சீட்டு இல்லை, பில் இல்லை. இருந்திருந்தாலும் அது இந்த இளைஞரின் பெயரில் இருந்திருக்காது. நம் நாட்டிலேயே டிரமடால் 2014 முதல் எச்1 அட்டவணையில் இருக்கும் மருந்து. விற்கும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். 2018 ஏப்ரலில் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள்ளும் கொண்டுவரப்பட்டது. இதையெல்லாம் அந்த வரிசையில் நின்று விளக்க நேரமில்லை. "தம்பி, இது உன் பையில் இருந்தால் உனக்குத்தான் ஜெயில், அந்த அண்ணனுக்கு இல்லை" என்று மட்டும் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. வழியனுப்ப வந்திருந்த சித்தப்பா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். பொட்டலத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். ஆனால் நிம்மதியாக வரவில்லை. "அண்ணன்தான் எனக்கு இந்த வேலையே வாங்கிக் கொடுத்தாரு. ஒரு மாத்திரை கொண்டுவர மாட்டியான்னு நினைப்பாரு" என்றார். என்னிடம் பதில் இல்லை. யாரோ முன்பின் தெரியாதவர் கொடுப்பதை வாங்காதே என்று அறிவிப்புகள் சொல்கின்றன. நம் ஆட்கள் தெரியாதவரிடமிருந்து வாங்குவதில்லை. மிக நன்றாகத் தெரிந்தவரிடமிருந்துதான் வாங்குகிறார்கள். மறுக்க முடியாதவர்களிடமிருந்து. ஒருவர் சுமையை ஒருவர் தூக்கித்தான் அந்த ஊரில் அவர்கள் வாழ்கிறார்கள். சட்டத்துக்கு அந்த உறவு தெரியாது. பை யாருடையது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும்.

அந்த நாடுகளின் கெடுபிடிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்தியா உலகத்துக்கு மலிவாக மருந்து கொடுக்கும் நாடு. அதே கப்பல்களில் வேறு சரக்கும் போயிருக்கிறது. 2017 நவம்பரில் இத்தாலியின் ஜோயா டாரோ துறைமுகத்தில் பிடிபட்ட 2 கோடியே 40 லட்சம் டிரமடால் மாத்திரைகள் இந்தியாவிலிருந்து லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்தவை. கோடீன் கலந்த நம் இருமல் மருந்து வங்கதேச எல்லையில் பல ஆண்டுகளாகக் கடத்தல் பொருள். எகிப்திலும் வளைகுடாவிலும் இந்த மாத்திரைகளுக்கு அடிமையானவர்களின் குடும்பங்களைக் கேட்டால், இன்னும் கெடுபிடி வேண்டும் என்றுதான் சொல்வார்கள். கள்ளச் சரக்கும் அம்மாவின் மருந்தும் ஒரே மாதிரி அட்டையில்தான் வருகின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டக்கூடியது ஒரு காகிதம்தான். அந்தக் காகிதத்தை அலட்சியமாக எழுதும் பழக்கமும், அது இல்லாமலே மருந்து வாங்கும் பழக்கமும் நம்முடையவை.

வளைகுடாவின் கதை இது என்றால், அமெரிக்காவின் கதை வேறு விதம். மகளின் பிரசவத்துக்கு ஆறு மாதம் தங்கப் போகும் பெற்றோர்களைப் பாருங்கள். பொதுவாக 90 நாள் உபயோகத்துக்கு மேல் மருந்து கொண்டுவர வேண்டாம் என்பது அந்நாட்டின் அறிவுரை. தபாலில் வரவழைக்கவும் பொதுவாக அனுமதி இல்லை. மீதி 90 நாளுக்கு? இந்திய டாக்டரின் சீட்டுக்கு அங்கே கடையில் மருந்து தர மாட்டார்கள். அங்குள்ள டாக்டரைப் பார்க்க வேண்டும். அவருக்கு விளங்கும்படி நோயின் சரித்திரத்தைச் சொல்ல வேண்டும். மறுபடியும் அதே காகிதம்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு இதில் உயிராபத்தே இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் குப்பியில் விற்கும் இன்சுலினில் பெரும்பகுதி ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. அமெரிக்காவில் குப்பியில் கிடைப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இங்கிருந்து கொண்டுபோன சிவப்பு மூடி சிரிஞ்சில் அங்கே வாங்கிய இன்சுலினை வழக்கம்போல் 20 என்ற கோடு வரை ஏற்றினால், உடம்புக்குள் போவது 20 யூனிட் அல்ல, 50. இரண்டரை மடங்கு. சர்க்கரை சரிந்து மயக்கமாகி, கவனிக்க ஆளில்லாவிட்டால் உயிரே போகலாம். எத்தனை யூனிட் என்பதோடு எந்த வலுவுள்ள இன்சுலின் என்பதையும் எழுதித் தர வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை. இன்னொன்று: இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் அது உறைந்து கெட்டுவிடக்கூடும்.

தெளிவாக எழுதுங்கள் என்று நம் டாக்டர்களிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை என்பதில்லை. மருந்தின் பொதுப்பெயரை, படிக்கும்படி, இயன்றவரை கொட்டை எழுத்துகளில் எழுத வேண்டும் என்று அப்போதைய இந்திய மருத்துவ கவுன்சில் 2016-ல் விதியைத் திருத்தியது. படிக்கக்கூடிய மருந்துச் சீட்டைப் பெறுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஆகஸ்டில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விதி இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. எண்பது பேர் காத்திருக்கும் அறைக்குள் அவை இரண்டும் இன்னும் வந்து சேரவில்லை.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குப் புறப்படும் முன் அரசு பயிற்சி தருகிறது. எந்த நாட்டுக்கு எந்த மருந்து ஆகாது, அனுமதி எங்கே கேட்பது, பிறர் மருந்தை ஏன் வாங்கக்கூடாது என்று ஒரே ஒரு பக்கம் தமிழில் அச்சடித்து ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கலாம். திருச்சி விமான நிலையத்தின் வாசலில் பெரிய எழுத்தில் எழுதியும் வைக்கலாம். விதிகள் எல்லாம் அந்தந்த நாட்டு அரசுகளின் இணையதளங்களில் இருக்கின்றன. அவற்றை ஆங்கிலத்தில் தேடிப் படிக்க முடிந்தவர்கள் ஜெயிலுக்குப் போகும் வாய்ப்பு குறைவு. படிக்க முடியாதவர்கள்தான் பொட்டலத்தோடு வரிசையில் நிற்கிறார்கள்.

அம்மாவின் அந்தக் கடிதத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். துபாயிலிருந்து திரும்பி எட்டு மாதம் கழித்து, ஒரு நள்ளிரவில் மதுரை வீட்டில் அவருக்கு மீண்டும் வலிப்பு வந்தது. நான் டெல்லியில். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரை ஆட்டோவில் அருகிலிருந்த ஒரு மருத்துவமனைக்கு எடுத்துப் போனார்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் அங்கே இல்லை. பணியில் இருந்த இளம் டாக்டர், என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அம்மாவின் கைப்பையைத் துழாவியபோது நான்காக மடித்த அந்தக் கடிதம் கிடைத்தது. நோய், ஆண்டு, மருந்து, அளவு எல்லாம் அச்செழுத்தில். எந்த ஊசி போடலாம் என்று தீர்மானிக்க அதுவே போதுமானதாக இருந்தது என்று மறுநாள் அந்த டாக்டர் போனில் சொன்னார். "எல்லாரும் இப்படி ஒண்ணு வச்சிருந்தா எங்களுக்கு எவ்வளவு சௌகரியம்" என்றார்.

அத்தனை வருட வைத்தியத்தில் அம்மாவின் நோயை ஒரு முறையாவது முழுசாக, படிக்கும்படி எழுத வைத்தது நம் மருத்துவமனையும் அல்ல, மருத்துவ கவுன்சிலும் அல்ல. ஓர் அந்நிய நாட்டின் சுங்க இலாகா. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டர் அதைப் புதுப்பித்துக் கையெழுத்திட்டுத் தருகிறார். அம்மா எந்த வெளிநாட்டுக்கும் போவதாக இல்லை. கோவிலுக்குப் போனாலும் அது கைப்பையில் இருக்கிறது.